புள்ளி மறைந்த பின்

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல் வைத்தியர் ஒருவருடைய வரவேற்பறையில் நீ பராமரித்து வரும் கடல்நீர்த் தொட்டியில், புதிதாக வாங்கி விட்ட நீல டாங் மீனின் உடலில் வெண்புள்ளிகள் தோன்றியதையும், கடைக்காரர் கொடுத்த புட்டி மருந்தை ஊற்றிய இரண்டாம் நாளே அவை மாயமாய் மறைந்ததையும், எல்லாரும் மகிழ்ந்திருந்த வேளையில் ஒன்பதாம் நாள் அவை முன்னிலும் பன்மடங்காகத் திரும்பி வந்து, கூட இருந்த கோமாளி மீன்களையும் பற்றிக்கொண்டதையும் விவரமாக எழுதி, ‘இதைவிட வீரியமான மருந்து எது?’ என்று கேட்டிருக்கிறாய். கேள்விக்கு விடை உன் கடிதத்திலேயே இருக்கிறது. நீ எழுதிய நாட்கணக்கே அந்த விடை. மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன்பு நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டாயே, அந்தப் பழக்கம் ஒன்றைக் கண்டே இந்தத் தொழில் உன்னிடம் நிலைக்கும் என்று நம்பி, இத்தனை நீளமாக எழுதத் துணிகிறேன்.

மீனின் மேனியில் ஒரு புள்ளியைக் கண்டதும் அதன் நிறமென்ன, வடிவமென்ன, எந்த இடத்தில் இருக்கிறது என்று ஆராய்வது எவருக்கும் இயல்பே. நூல்களும் பெரும்பாலும் அவ்வாறே படம் போட்டுக் கற்பிக்கின்றன. ஆயினும், கடல் மீன்களைப் பொறுத்தவரை, புள்ளி இருக்கும் இடத்தைவிட அது வந்த நாளும், மறைந்த நாளும், மீண்டு வந்த நாளுமே ரோகத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லுகின்றன. ஒரு நாளைக்குள் கொல்லக்கூடியது ஒன்று. இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்வது மற்றொன்று. வாரக்கணக்கில் வருவதும் போவதுமாக இருப்பது வேறொன்று. மாதக்கணக்கில் அசையாதிருந்து தானாகவே உதிர்ந்து போவது இன்னொன்று. வைத்தியமும் அவ்வாறே நாட்களால் ஆனது. எந்த மருந்து என்பதைக் காட்டிலும் எத்தனை நாள் என்பதிலேதான் இளைஞர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள்.

உன் தொட்டியில் வந்திருப்பது, நீ எழுதியுள்ள லக்ஷணங்களைக் கொண்டு பார்க்கையில், கடல்நீர் வெண்புள்ளி நோய் என்றே கொள்ளலாம். அதை உண்டாக்குவது கிரிப்டோகேரியான் இரிடன்ஸ் என்னும் ஓருயிரணு ஒட்டுண்ணி. ஜப்பானில் சிகாமா என்பவர் 1937இல் இதனை விவரித்தார். லண்டனில் பிரவுன் என்பவர் 1951இல் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளியும் இதுவும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும், இரண்டும் நெருங்கிய உறவுடையவை அல்ல. ஒரே விதமான ஜீவனத்தைத் தனித்தனியே கைக்கொண்ட இரு வேறு குலத்தவை. ஆகையால், தண்ணீரைச் சூடாக்கிச் சிறிது உப்பையும் சேர்த்துத் தங்கமீனைப் பிழைக்க வைத்த அனுபவம் இங்கே உதவாது.

இந்த ஜீவனின் வாழ்க்கையை நீ மனப்பாடமாகவே அறிந்திருக்க வேண்டும். நாம் காணும் வெண்புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்து அதன் திசுவைத் தின்று பெருத்துவரும் ஒட்டுண்ணியே. மூன்று முதல் ஏழு நாள் வரை அவ்வாறு தின்று கொழுத்தபின், பெரும்பாலும் இருள் வேளையில், அது மீனை விட்டுத் தானாகவே கழன்று அடிமணலுக்கோ பாறைக்கோ போய்ச் சேருகிறது. அங்கே சில மணி நேரத்தில் தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடொன்றைக் கட்டிக்கொண்டு, உள்ளேயே பிளவுபட்டுப் பிளவுபட்டுப் பலவாகிறது. ஒரு கூட்டிலிருந்து இருநூறு வரையிலும் குஞ்சுகள் வெளிப்படக்கூடும். அவை மிகவும் சீக்கிரமாக வருவதானால் மூன்றாம் நாள். மிகவும் தாமதித்து வருவதானால் 72ஆம் நாள். வெளிப்படுவதும் இருட்டிலேதான், பாறை இடுக்குகளில் மீன்கள் அசையாமல் உறங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது என்பதை நினைத்துப்பார். வெளிவந்த குஞ்சு ஓரிரு நாளுக்குள் ஒரு மீனை அடையாவிட்டால் மடிந்துபோகும்.

இப்போது உன் நாட்கணக்கை இதன்மேல் வைத்துப் பார். இரண்டாம் நாள் புள்ளிகள் மறைந்தது கடைக்காரரின் மருந்தாலன்று. மருந்தே ஊற்றாமல் இருந்திருந்தாலும் அவை மறைந்தே இருக்கும். தின்று முடித்த ஒட்டுண்ணிகள் இறங்கிப் போயின, கூடு கட்டின, பெருகின, மீண்டும் ஏறின, கண்ணுக்குத் தெரியும் அளவு பருத்தபோது ஒன்பதாம் நாள் ஆயிற்று. இந்த இடைவெளியை நம்பியே உலகெங்கும் எத்தனையோ புட்டிகள் விற்கின்றன. பூண்டுச் சாறு கலந்த தீனி போட்டதால் குணமாயிற்று என்று சொல்பவர்களும் இந்த இடைவெளியில் வாழ்பவர்களே. பூண்டு மீனுக்கு ருசிக்கலாம், பசியைத் தூண்டலாம், அதற்குமேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதே. மற்ற மீன்களைக் கொத்திச் சுத்தம் செய்யும் லாப்ராய்ட்ஸ் மீனை வாங்கி விடும்படி உனக்கு ஒருவர் யோசனை சொன்னதாக எழுதியிருந்தாய். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் அந்தச் சிறு மீன் ஒரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒட்டுண்ணிகளைத் தின்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் அது தின்பது பெரும்பாலும் நேதியிட் எனப்படும், தோலின் வெளியே பற்றியிருக்கும் சிறு ஓட்டுடலிகளை. தோலுக்குள் புதைந்திருக்கும் நம் விரோதியை அது எப்படிக் கொத்தும்? வாங்கி விட்டால் அதற்கும் புள்ளி வரும், அவ்வளவுதான்.

வெண்புள்ளியோடு குழப்பிக்கொள்ளக் கூடாததும், குழப்பிக்கொண்டால் வேறெதிலும் நேராத அளவு நஷ்டம் விளைவிப்பதும் வெல்வெட் நோய். அதை உண்டாக்கும் அமிலூடினியம் என்னும் உயிரை 1931இல் விவரித்தவரும் அதே பிரவுன்தான். வெண்புள்ளி உப்புப்பரல் அளவில் ஒன்றொன்றாக எண்ணக்கூடியதாயிருக்கும். வெல்வெட்டோ எண்ண முடியாத நுண்மையான தூசியாக, சில சமயம் சற்று மஞ்சள் சாயலோடு, மேனி முழுவதும் படர்ந்திருக்கும். அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலன்றி அது கண்ணுக்குப் புலப்படாது. அதைவிடக் கொடுமை, அது முதலில் தாக்குவது செவுள்களை. மேனியில் ஒரு புள்ளியும் தோன்றுமுன்பே மூச்சுத் திணறி மீன் செத்துப்போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஆகவே, நோயுற்ற மீனின் முன்னே போய் நின்றதும் நீ முதலில் பார்க்க வேண்டியது புள்ளியை அன்று, மூச்சை. ஒரு நிமிஷத்தில் செவுள்மூடி எத்தனை தரம் திறந்து மூடுகிறது என்று ஒவ்வொரு மீனுக்கும் அது சுகமாயிருக்கும் காலத்திலேயே எண்ணி எழுதி வைத்திருப்பாயானால், நோய் வந்த நாளில் அந்த ஒரு எண்ணே உனக்குப் பாதி வைத்தியனாக நிற்கும். மீன் நீர் பாயும் குழாய் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு நகராமலிருந்தாலும், விளக்கொளியைக் கண்டு ஒதுங்கினாலும், நேற்று வரை ஆவலோடு தின்றது இன்று தீனியைத் திரும்பியும் பாராவிட்டாலும், வெல்வெட் என்றே எண்ணிக் காரியத்தில் இறங்கு. ஒரு பொழுது தாமதிப்பதும் கூடாது. நன்னீர் மீன்களின் வெல்வெட் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கிக்கொள்வது. அதனால் தொட்டியை இருட்டாக்கி வைப்பார்கள். கடல்நீர் வெல்வெட்டுக்கு அந்த ஆற்றல் கிடையாது. ஆகவே அதற்கு இருட்டும் ஒரு பொருட்டன்று.

கோமாளி மீன் வாங்கும்போது மூன்றாவதாக ஒன்றையும் நினைவில் வை. புரூக்லினெல்லா என்பது அதன் பெயர், 1970இல் விவரிக்கப்பட்டது. இங்கே புள்ளி என்று சொல்லத்தக்கது இராது. தோலிலிருந்து சளி வெண்மையாகத் திரண்டு, திட்டுத்திட்டாக உரிந்து தொங்கும். கூடு கட்டாமல், மீனின் மேலேயே இரண்டிரண்டாகப் பிளந்து பெருகுவதால், காலையில் சந்தேகமாக இருந்தது மறுநாள் காலையில் மரணமாக முடியலாம். இதற்குச் செப்பு மருந்து பயன்படாது, ஃபார்மலின் வேண்டும். ஃபார்மலினைக் கையாளும்போது உன் மூக்கையும் கண்ணையும் காத்துக்கொள்; நீரிலுள்ள பிராணவாயுவை அது குறைக்குமாதலால் காற்றுக் குழாயைப் பலமாகத் திறந்து வை; புட்டியின் அடியில் வெண்மையாக வண்டல் கட்டியிருந்தால் அதை எக்காரணத்தாலும் மீனுக்கு விடாதே.

இனி, அவசரமில்லாதவை. வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கும் ஏஞ்சல் மீன்களுக்கும் துடுப்பின் ஓரத்தில் மருவைப் போல வெண்ணிறமாகத் திரண்டு, நாளடைவில் பூக்கோசு வடிவாகப் பெருப்பது லிம்ஃபோசிஸ்டிஸ். அது ஒரு வைரஸ். தாக்கிய உயிரணுவை வெறுங்கண்ணால் காணும் அளவுக்கு ஊதச் செய்துவிடுகிறது. இடம் மாறாது, இரண்டாம் நாள் மறையாது. அந்த அசையாமையே அதன் அடையாளம். அதற்கு மருந்து இல்லை, பெரும்பாலும் தேவையும் இல்லை. நல்ல நீரும் நல்ல தீனியும் கொடுத்துச் சில வாரங்களோ மாதங்களோ பொறுத்தால் தானே உதிரும். இந்த நோய்க்குச் செப்பைப் போட்டு மீனைக் கொன்றவர்களைக் கணக்கெடுத்தால், நோயால் செத்தவற்றைவிட அதிகமாக இருக்குமோ என்று எனக்கு ஓர் ஐயம். மஞ்சள் டாங்கின் மேல் மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்புள்ளிகள் வருவது நுண்ணிய தட்டைப்புழுவால்; சில நிமிஷ நன்னீர்க் குளியலும் பிராசிகுவாண்டல் மருந்தும் அதற்குப் போதும். அதே மஞ்சள் டாங் இரவில் நிறம் மங்கி, உடலின் நடுவே வெண்பட்டை ஒன்றோடு தோன்றுவது நோயே அல்ல. அது அதன் உறக்க வேஷம். புது ஆட்கள் நடு இரவில் விளக்கைப் போட்டுப் பார்த்துப் பதறிவிடுகிறார்கள். மணல் துகளும் காற்றுக் குமிழியும் சளியில் ஒட்டிப் புள்ளியாகத் தெரிவதுமுண்டு. அவை அரை மணி நேரம் நிலைப்பதில்லை.

கண் மங்கலாகி, மீன் பாறையில் உராய்ந்துகொண்டே இருந்து, புள்ளி ஒன்றும் தெரியவில்லையானால், தோல்புழுவைச் சந்தேகி. நியூயார்க் மீன் காட்சிச்சாலையில் கண்டெடுத்து 1927இல் மக்கேலம் விவரித்த நியோபெனிடீனியா மெலெனி இவ்வகையைச் சேர்ந்தது. மீனின் மேல் இருக்கும்போது இது பளிங்குபோலத் தெளிந்திருப்பதால் கண்ணுக்கு அகப்படாது. குளோரின் நீக்கி, உப்பு இல்லாத ஒன்றைத் தவிர, வெப்பமும் காரத்தன்மையும் தொட்டி நீருக்குச் சமமாக்கிய நன்னீரில், நீ பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் மீனை வைத்திரு. புழு வெண்மையாகி உதிர்ந்து பாத்திரத்தின் அடியில் கிடக்கும். சந்தேகமும் தீரும், சிகிச்சையும் தொடங்கிவிடும்.

இவ்வளவும் கண்ணால் செய்யும் அனுமானம். நிச்சயம் வேண்டுமானால் நுண்ணோக்கி வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும், நூறு மடங்கு பெருக்கிக் காட்டும் எளிய கருவியே போதும். மீனின் மேல் கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் சளியை மெதுவாக வழித்தெடுத்து, ஒரு துளிக் கடல்நீரில் வைத்துப் பார். உருண்டு சுழலும் கருமையான உருவம் வெண்புள்ளி. அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பேரிக்காய் வடிவம் வெல்வெட். அவரை விதை வடிவில் வழுக்கிச் செல்வது புரூக்லினெல்லா. விலையுயர்ந்த விளக்குகளையும் பம்புகளையும் தொட்டிக்கு மேல் அடுக்கும் எஜமானர்கள், இந்தக் கருவி ஒன்றை வாங்கித் தருவதற்கு ஏன் இத்தனை யோசிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியதேயில்லை.

நிற்க. உன் மீன்களுக்கு வருவோம். பவளமும் நத்தையும் இறாலும் வாழும் காட்சித் தொட்டியில் இனி எந்த மருந்தையும் ஊற்றாதே. செப்பு முதுகெலும்பில்லாத உயிர்களுக்கெல்லாம் விஷம். அன்றியும் சுண்ணப் பாறையும் பவள மணலும் செப்பை உறிஞ்சிக்கொண்டு, நீ நினைத்த அளவு நீரில் நிற்காதபடி செய்துவிடும். எல்லா மீன்களையும், புள்ளியில்லாதவை உட்பட, மணலும் பாறையும் இல்லாத வெறுந்தொட்டிக்கு மாற்று. ஒளிந்துகொள்ள இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் போதும். அதன்பின் உனக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது செப்பு. மயில்துத்தத்திலிருந்து வரும் கட்டற்ற செப்பானால், லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை. நூறு லிட்டர் நீருக்கு வேண்டிய துத்தம் சுமார் 80 மில்லிகிராம்தான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், கைமதிப்பாக ஒரு சிட்டிகை போடுவது எவ்வளவு பெரிய அபாயம் என்பது புலனாகும். நாட்டு மருந்துக் கடைத் துத்தத்தைத் தொடாதே; அதன் தூய்மைக்கு எவரும் பொறுப்பல்லர். செப்பை வேறு பொருளோடு பிணைத்து விற்கும் தயாரிப்புகளுக்கு அளவும் வேறு, சோதனைக் கருவியும் வேறு. இரண்டையும் கலந்து குழப்பாதே. அளவை ஒரே மூச்சில் ஏற்றாமல் இரண்டு நாளில் ஏற்றி, காலையும் மாலையும் சோதித்து, 30 நாள் அதே நிலையில் நிறுத்து. செப்பு தோலுக்குள் இருக்கும் புள்ளியையும் கொல்லாது, கூட்டையும் துளைக்காது. நீந்தி வரும் குஞ்சை மட்டுமே கொல்லும். பத்தாம் நாள் புள்ளி காணவில்லை என்று நிறுத்துபவன் அந்தப் பத்து நாளையும் வீணாக்கியவனே ஆவான். அம்மோனியா கூடினால், அதை அடக்கும் திரவங்களைச் செப்போடு சேர்க்காமல், அதே அளவு செப்புக் கலந்த புது நீரால் மாற்று. வெல்வெட்டானாலும் இதே வழிதான். செப்பு ஒவ்வாத மீன்களுக்கு மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயின், லிட்டருக்கு 10 மில்லிகிராம், கால்நடை வைத்தியரின் சம்மதத்தோடு.

இரண்டாவது, உப்பைக் குறைத்தல். ஆயிரத்துக்கு 35 பங்காக இருக்கும் உப்பை 15 பங்குக்கு இறக்கி நான்கு வாரம் வைத்தால் வெண்புள்ளியின் கூடுகள் வெடித்தழியும். எலும்பு மீன்களின் இரத்தத்தில் உப்பு கடல்நீரின் மூன்றில் ஒரு பங்கே ஆதலால் அவை இதைப் பொறுக்கும். ஆயினும் தைவானில் உப்புக் குறைந்த நீரிலேயே செழித்த வகைகளைக் கண்டிருக்கிறார்கள். வெல்வெட்டோ இதைப் பொருட்படுத்துவதேயில்லை. நோயின் பெயர் நிச்சயமில்லாதவனுக்கு இந்த வழி ஆகாது.

மூன்றாவது எனக்குப் பிரியமானது, ஏனெனில் அதில் மருந்தே இல்லை. நாட்கணக்கு மட்டுமே இருக்கிறது. கூட்டிலிருந்து குஞ்சு வெளிவரக் குறைந்தது மூன்று நாளாகும் என்றேனல்லவா? 72 மணி நேரம் நிறைவதற்குள் மீனை மற்றொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றிவிடு. மீனிலிருந்து இறங்கியவையெல்லாம் பழைய தொட்டியில் தங்கிவிடும். அந்தத் தொட்டியையும் வலையையும் குழாயையும் கழுவி முழுதும் உலரவிடு. இவ்வாறு நான்கு முறை மாற்றினால், மீனில் இருந்தவை அனைத்தும் இறங்கிவிட்டிருக்கும். ஏறுவதற்கு ஒன்றும் இராது. இரண்டு தொட்டிகளும், தவறாத கடிகாரமும், ஒரு நாளும் சோம்பாத மனமும் வேண்டும். உன் நீல டாங் இன்னும் தின்கிறது, மூச்சும் சீராக இருக்கிறது என்று எழுதியிருப்பதால், இதையே செய். மூச்சு விரைந்தால் மட்டும் உடனே செப்புக்கு மாறு. சென்னையின் கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரையும் பிராணவாயு குறைகிறது; செவுள் புண்பட்ட மீனுக்கு அதுவே எமனாகலாம். பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். கடற்கரையிலிருந்து நீர் கொண்டுவருவதானால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு தடவையும் உப்பை அளந்து பார். ஐப்பசி கார்த்திகையில் கரையோர நீர் நீ நினைக்கும் கடல்நீராக இராது.

மீன்கள் குணமானபின் வரும் சோதனையே பெரிது. காட்சித் தொட்டியில் கூடுகள் காத்துக்கொண்டிருக்கின்றன. 72 நாள் வரை அவை தாமதிக்கக்கூடும் என்பதால், 76 நாள் அத்தொட்டியில் ஒரு மீனும் இருக்கக் கூடாது. பவளமும் நத்தையும் இறாலும் இருக்கலாம், அவற்றின் மேல் இந்த ஒட்டுண்ணி வாழாது. புதிதாக வாங்கும் எந்த மீனும் இனிமேல் தனித்தொட்டியில் ஒரு மாதமாவது இருந்த பிறகே உள்ளே போக வேண்டும். ஒருமுறை நோய் கண்டு பிழைத்த மீனுக்குச் சில மாதங்கள் ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டு. புள்ளி தெரியாமலே அது ஒட்டுண்ணியைச் சுமந்து வரக்கூடும் என்பதே அதன் மறுபக்கம். ஆகையால் ‘கடையில் நன்றாகத்தான் இருந்தது’ என்ற வார்த்தைக்கு ஒரு மதிப்பும் கொடுக்காதே.

மீனில்லாத தொட்டியை இரண்டரை மாதம் வைத்துக்கொண்டு நோயாளிகளுக்கு எதைக் காட்டுவது என்று உன் வைத்தியர் கோபிக்கிறார் என்கிறாய். அவரிடம் பணிவோடும் உறுதியோடும் பேசு. சொத்தைப் பல்லின் வலி நின்றுவிட்டதென்று பாதிச் சிகிச்சையில் எழுந்து போகும் நோயாளியிடம் அவர் என்ன சொல்லுவாரோ, அதையே நீயும் அவரிடம் சொல்லலாம். அப்பொழுதும் இசையாமல், புள்ளி மறைந்ததும் மீன்களைத் திரும்ப விடும்படி வற்புறுத்துவாரானால், அந்தத் தொட்டியின் பராமரிப்பை விட்டுவிடு. சாகும் மீன்களுக்குப் பெயர் உன்னுடையதாக இருக்கும். முடிவு மட்டும் அவருடையதாக இருப்பது நியாயமன்று.

முதல் மாற்றத்தை நாளைக் காலையிலேயே செய்துவிடு. இரண்டாவது தொட்டிக்குப் பணம் தட்டுப்பாடென்றால், என்னிடம் அறுபது லிட்டர்த் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. ஆள் அனுப்பினால் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த கடிதத்தில் ஒவ்வொரு மீனின் மூச்சுக்கணக்கையும் தேதி வாரியாக எழுது.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்